‘இருந்தால்’ வேறு, ‘இருந்தால்தான்’ வேறு: எல்சாட் தேர்வுக்கு நான் வாங்கியவையும் வாங்கியிருக்க வேண்டாதவையும்

போன வாரம் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண் அழைத்திருந்தாள். “அக்கா, சட்டக் கல்லூரிக்குப் போடலாம்னு இருக்கேன். எல்சாட்டுக்கு எந்தப் புத்தகம் வாங்கட்டும்?” என்று கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தேன், ஒரு வரியில் அடங்கவில்லை. பதினான்கு மாதம் அந்தத் தேர்வோடு வாழ்ந்திருக்கிறேன். என் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அதற்கென்று வாங்கிய புத்தகங்கள்தான். அவற்றில் பாதியை இன்றைக்கு யாராவது இலவசமாகக் கொடுத்தால்கூட வேண்டாம் என்பேன். மீதியில் ஒன்றிரண்டை மறுபடியும் காசு கொடுத்து வாங்குவேன். அவளுக்குச் சொன்னதையெல்லாம் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் விசாரணைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். ஒருவர் தமிழில் பேசுவதை அங்கேயே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் சொல்ல வேண்டும். பகல் முழுக்க அந்த வேலை, இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் படிப்பு. முதல் மாதிரித் தேர்வில் எனக்கு வந்தது 149. கடைசியில் உண்மைத் தேர்வில் வந்தது 164. மதிப்பெண் 120-இல் தொடங்கி 180 வரை போகும் தேர்வு இது. 164 வானத்தை எட்டிய மதிப்பெண் இல்லைதான், ஆனால் அந்தப் பதினைந்தும் எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது, எதிலிருந்து வரவில்லை என்பதை என்னால் விரல் விட்டுச் சொல்ல முடியும்.

வாங்கும் முன் தேர்வின் இன்றைய அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் சட்டக் கல்லூரிகளில் சேர எழுதும் இந்தத் தேர்வை எல்சாக் என்ற அமைப்பு நடத்துகிறது. முதல் தேர்வு நடந்தது 1948-இல். அதிலிருந்து எத்தனையோ முறை உருமாறிவிட்டது. இப்போது நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். வாதங்களை அலசும் லாஜிக்கல் ரீசனிங் இரண்டு, பத்திகளை வாசித்துப் பதில் சொல்லும் ரீடிங் காம்பிரிஹென்ஷன் ஒன்று, இவைதான் மதிப்பெண்ணுக்கு. நான்காவது பகுதி எல்சாக் தன் புதுக் கேள்விகளைச் சோதித்துப் பார்ப்பதற்கு, அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் நான்கில் எது அது என்று எழுதும்போது தெரியாது, எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு எழுதியாக வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை.

முன்பு தேர்வில் இருந்த லாஜிக் கேம்ஸ் பகுதி எங்கே என்று சிலர் கேட்பீர்கள். அது 2024 ஆகஸ்ட் தேர்விலிருந்தே இல்லை. ஆறு பேர் வட்ட மேசையில் எப்படி உட்காருவார்கள், ஏழு வேலைகளை எந்த வரிசையில் செய்யலாம் என்று படம் போட்டுத் தீர்க்கும் புதிர்கள் அவை. படம் போட்டுப் பார்ப்பது பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு எட்டாத வழி என்று வழக்கு நடந்து, 2019-இல் சமரசமாகி, நான்கைந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். நியாயமான மாற்றம் என்று மனதார நினைக்கிறேன்.

இது தெரியாமல்தான் என் முதல் பணம் போயிற்று. இணையத்தில் பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் மூன்று தொகுதிகள் கொண்ட ஒரு கட்டை வாங்கினேன். “முழுத் தயாரிப்புக்கும் இது போதும்” என்று போட்டிருந்தார். மூன்றில் மிகத் தடிமனானது முழுக்க முழுக்க லாஜிக் கேம்ஸ். பத்து நாள் ராத்திரி உட்கார்ந்து வட்டமும் கட்டமும் போட்டுப் பழகினேன், சந்தோஷமாகவும் இருந்தது. பதினோராம் நாள் எல்சாக்கின் தளத்தைத் திறந்து பார்த்தபோதுதான் தேர்வில் அந்தப் பகுதியே இல்லை என்று தெரிந்தது. விற்றவரிடம் கேட்டேன், பதிலே வரவில்லை. பழைய புத்தகம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் பொருளடக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டையில் இருக்கும் ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். அட்டை மாறியும் உள்ளே பழசு அப்படியே இருக்கும் பதிப்புகள் உண்டு.

அந்தக் கட்டில் மற்ற இரண்டு தொகுதிகள் வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றில் இருந்தவை எல்சாக் வெளியிட்ட பழைய தேர்வுகள், அவற்றுக்குப் பிரெப்டெஸ்ட் என்று பெயர். முதல் பிரெப்டெஸ்ட் 1991-ஆம் ஆண்டுத் தேர்வு. அதில் இருக்கும் லாஜிக்கல் ரீசனிங் கேள்வி இன்றைக்கும் செல்லும். வாதத்தில் ஓட்டை எங்கே என்று கேட்பது முப்பது வருடத்தில் மாறிவிடவில்லை. வாசிப்புப் பகுதியில் மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு. ஒரே பொருளில் இரண்டு சிறு பத்திகளை ஒப்பிட்டுப் படிக்கும் வகை 2007 ஜூனில்தான் வந்தது. அதற்கு முந்தைய தேர்வுகளில் அதை எதிர்பார்க்க முடியாது.

சரி, எது முதலில் வேண்டும்? என் பதில் லாஹப். எல்சாக்கின் சொந்தப் பயிற்சித் தளம் அது. கணக்குத் தொடங்கக் காசில்லை, சில முழுத் தேர்வுகளை இலவசமாகவே எழுதிப் பார்க்கலாம். வருடச் சந்தா கட்டினால் பிரெப்டெஸ்டுகளின் முழுக் களஞ்சியமும் திறக்கும். புதிய அமைப்புக்கு ஏற்ப அவற்றை அடுக்கி 101-இலிருந்து தொடங்கி எண் கொடுத்திருக்கிறார்கள். உண்மைத் தேர்வில் எந்தத் திரையைப் பார்ப்பீர்களோ, அதே திரைதான். வரியை வண்ணத்தில் தீட்டலாம், அடிக்கோடு போடலாம், வேண்டாத விடையைக் கோடிழுத்து நீக்கலாம், பிறகு வரலாம் என்று நினைக்கும் கேள்விக்குக் கொடி வைக்கலாம். தேர்வு திரையில்தான் நடக்கிறது. காகிதத்தில் பென்சிலோடு பழகிவிட்டுத் திரைக்கு வந்தால் கண் தடுமாறும். எனக்கு முதல் இரண்டு தேர்வுகளில் அப்படித்தான் ஆயிற்று.

லாஹப்பில் ஒரு குறையும் உண்டு. எது சரியான விடை என்று சொல்கிறது, ஆனால் எனக்கு வேண்டிய அளவுக்கு ஏன் என்று அவிழ்த்துச் சொல்லவில்லை. அதற்குத்தான் வெளிப் புத்தகம் தேவைப்படுகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். வேறு நிறுவனங்களின் இணையப் பாடங்களுக்குப் பணம் கட்டினாலும், அங்கே உண்மையான பிரெப்டெஸ்டுகளை எழுத லாஹப் சந்தாவும் தனியாக வேண்டும். செலவுக் கணக்குப் போடும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. என்னிடம் இருந்த காகிதப் புத்தகங்களில் பழைய எண்கள், லாஹப்பில் புதிய எண்கள். காகிதத்தில் முடித்த ஒரு தேர்வின் கேள்விகள் திரையில் வேறு எண்ணோடு மறுபடி வரும். ஏழாம் மாதத்தில் ஒரு மாதிரித் தேர்வில் எனக்கு 168 வந்தது. வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொன்னேன். மறுநாள் சாவகாசமாகப் பார்த்தால், ஒரு லாஜிக்கல் ரீசனிங் பகுதி முழுக்க நான் நான்கு மாதம் முன்பு காகிதத்தில் எழுதியது. மூளை விடையை ஞாபகம் வைத்திருக்கிறது, நான் யோசித்துப் போட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த புதிய தேர்வில் 159. அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். காகிதப் புத்தகத்தில் கேள்வி வகைகளைத் தனித்தனியாகப் பழகுவது, முழுத் தேர்வை லாஹப்பில் மட்டும் எழுதுவது, பெரிய எண் கொண்ட பத்துத் தேர்வுகளைக் கடைசி இரண்டு மாதம் வரை தொடாமல் வைப்பது. நீங்களும் அப்படி ஒதுக்கி வையுங்கள். பார்த்துவிட்ட கேள்வியைப் பார்க்காததாக ஆக்க முடியாது.

அடுத்து வழிகாட்டிப் புத்தகம். இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். சந்தையில் நிறைய இருக்கின்றன, எல்லாமே ஆயிரம் பேர் பாராட்டியவை. நான் நான்கு வாங்கினேன். ஒன்றுதான் நிலைத்தது. அது ஏன் நிலைத்தது என்பதை ஒரு கேள்வியை வைத்துக் காட்டுகிறேன். கேள்வி நானே எழுதியது, ஆனால் அச்சு அதேதான்.

‘நகராட்சி பேருந்துக் கட்டணத்தைக் குறைத்தது. அடுத்த மாதமே பயணிகள் கூடினார்கள். ஆகவே கட்டணக் குறைப்புதான் பயணிகளைக் கூட்டியது.’ இந்த வாதம் நிற்க எந்த அனுமானம் தேவை? விடைகளில் ‘சி’ சொல்கிறது: எல்லா வழித்தடங்களிலும் கட்டணம் குறைக்கப்பட்டது. ‘ஈ’ சொல்கிறது: அந்த மாதம் பள்ளிகள் திறந்தது மட்டுமே பயணிகள் கூடியதற்குக் காரணம் அல்ல. பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

நான் தூக்கி வைத்த ஒரு புத்தகம் இந்த மாதிரி இடத்தில் எழுதுவது இவ்வளவுதான்: “சி பொருத்தமற்றது. ஈ சரி.” சி பொருத்தமற்றது என்று எனக்குத் தோன்றியிருந்தால் நான் ஏன் அதைப் போட்டிருக்கப் போகிறேன்? நிலைத்த புத்தகம் கையைப் பிடித்துக்கொண்டு நடத்துகிறது. சி-யை மறுத்துப் பார் என்கிறது. சில தடங்களில் கட்டணம் குறையவில்லை என்று வைத்துக்கொள், வாதம் விழுந்ததா? இல்லையே. குறைந்த தடங்களில் ஆட்கள் கூடியிருக்கலாம், முடிவு அப்படியே நிற்கிறது. ஆகவே சி இல்லாமலும் வாதம் பிழைக்கும். இப்போது ஈ-யை மறு. பள்ளி திறந்தது மட்டுமே காரணம் என்று வை. கட்டணத்துக்கும் பயணிகளுக்கும் சம்பந்தமே அற்றுப் போகிறது, வாதம் அங்கேயே சரிகிறது. எதை எடுத்தால் கூரை விழுகிறதோ, அதுதான் தூண்.

சி-யைப் போட்ட ஒருத்தி ஏன் அதைப் போட்டாள் என்று புரிந்து எழுதியவரின் விளக்கம் அது. எனவே வழிகாட்டி வாங்குவதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். மாதிரிப் பக்கங்களில் கடினமான கேள்வி ஒன்றைத் தேடி, சரியான விடையின் விளக்கத்தை விட்டுவிட்டு, மிகவும் மயக்கும் தவறான விடைக்கு எத்தனை வரி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு வரி என்றால் மூடி வைத்துவிடலாம். நான்கைந்து வரிகள், அதிலும் ‘நீங்கள் இதைத் தேர்ந்தது இதனால் இருக்கலாம்’ என்ற தொனியில் இருந்தால் வாங்குங்கள். பக்க எண்ணிக்கை, அட்டையில் இருக்கும் நட்சத்திரங்கள், எத்தனை ஆயிரம் கேள்விகள் என்பதையெல்லாம் நான் இப்போது பார்ப்பதே இல்லை.

‘எத்தனை ஆயிரம் கேள்விகள்’ என்றதும் இன்னொன்று. பதிப்பகங்கள் தாங்களே தயாரித்த கேள்விகள் இருக்கும் புத்தகங்களைத் தவிர்த்துவிடுங்கள் என்று உறுதியாகச் சொல்வேன். உண்மை எல்சாட் கேள்வியில் ஒவ்வொரு சொல்லும் எடை போட்டு வைத்தது. ‘சில’ என்றால் சில, ‘பெரும்பாலும்’ என்றால் பாதிக்கு மேல். தயாரித்த கேள்விகளில் அந்தக் கறார் இருக்காது. இரண்டு விடைகள் சரியாகத் தோன்றும், விளக்கமும் மழுப்பும். அதில் பழகினால் ‘ஏறக்குறைய சரி’ என்ற விடையை ஏற்றுக்கொள்ளும் பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கத்தைப் போக்க எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

தமிழ் தாய்மொழியாக இருப்பவர்கள் எந்தப் புத்தகம் வாங்கினாலும் ஒரு அத்தியாயத்தில் கட்டாயம் திணறுவீர்கள். ஆங்கிலத்தின் ‘இஃப்’, ‘ஒன்லி இஃப்’, ‘அன்லெஸ்’ மூன்றையும் பிரித்துப் பார்க்கும் அத்தியாயம். புத்தகங்கள் அம்புக்குறி போட்டு, எழுத்துகளை இடம் மாற்றி, மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. மூன்று வாரம் அப்படி மனப்பாடம் செய்தேன், நேரம் ஓடும்போது எல்லாம் கலைந்துவிடும். ஒருநாள் விசாரணையில் ஒரு பெரியவர், “ஐயா, கடிதம் இருந்தாத்தான் உள்ள விடுவாங்க” என்றார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்த அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. இந்த வேறுபாட்டை நாம் பேசப் பழகிய வயதிலிருந்தே கையாள்கிறோம்.

‘கடிதம் இருந்தால் உள்ளே விடுவார்கள்’ என்றால் கடிதம் போதும், வேறெதுவும் வேண்டாம். ‘கடிதம் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்’ என்றால் கடிதம் இல்லாமல் முடியாது, ஆனால் கடிதம் மட்டும் போதுமா என்று தெரியாது. உள்ளே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அவரிடம் கடிதம் இருந்தது என்று துணிந்து சொல்லலாம். கடிதம் வைத்திருப்பவர் எல்லாம் உள்ளே போய்விட்டார் என்று சொல்ல முடியாது. ‘அன்லெஸ்’ வந்தால் நமக்கு ‘ஒழிய’ இருக்கிறது. ‘நீ வந்தாலொழிய நான் போக மாட்டேன்’ என்பதும் ‘நீ வந்தால்தான் நான் போவேன்’ என்பதும் ஒன்றே. ஒரு ‘தான்’ எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள்! அதன்பின் அந்த வகைக் கேள்வி வந்தால் மனதுக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன், ‘தான்’ எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும். அம்புக்குறிகளை விட்டேவிட்டேன். எந்த வழிகாட்டியிலும் கிடைக்காத பாடம் இது.

நேரலை வகுப்பு ஒன்றிலும் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். கட்டணம் என் மற்ற எல்லாப் பொருட்களையும் சேர்த்ததைவிட அதிகம். ஆசிரியர் கெட்டிக்காரர், பேச்சும் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு கேள்வியை அவர் தீர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் தெரிந்ததுபோல் இருக்கும், தனியாக உட்கார்ந்தால் தெரியாது. நான் அனுப்பிய சந்தேகங்களுக்குப் பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று, அதற்குள் நான் வேறு இடத்துக்கு வந்திருப்பேன். நேரம் ஒதுக்கிப் படிக்க யாராவது கட்டாயப்படுத்த வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு வகுப்பு உதவும். மற்றவர்கள் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு லாஹப் சந்தாவும் ஒரு நல்ல வழிகாட்டியும் வாங்கிவிட்டு மீதியைத் தேர்வுக் கட்டணத்துக்கு வைக்கலாம்.

வாசிப்புப் பகுதிக்கென்று தனியாக வாங்கிய இரண்டு புத்தகங்களாலும் எனக்குப் பயன் இல்லை. கடினச் சொற்கள் அச்சிட்ட அட்டைக் கட்டும் அப்படியே, இந்தத் தேர்வு சொல்லகராதியைச் சோதிப்பதில்லை. சட்டம், அறிவியல், சமூகவியல், கலை இலக்கியம் ஆகியவற்றிலிருந்து நான்கு பத்தித் தொகுப்புகள், மொத்தம் ஏறக்குறைய 27 கேள்விகள். பழைய பிரெப்டெஸ்டுகளே இதற்குப் போதும். எனக்குக் கைகொடுத்தது என் தொழில். ஒருவர் மூன்று நிமிடம் விடாமல் பேசும்போது நாங்கள் எல்லாவற்றையும் எழுத மாட்டோம். யார் சொன்னார், என்ன சொன்னார், எங்கே ‘ஆனால்’ போட்டுத் திரும்பினார் என்பதை மட்டும் கோடும் குறியுமாக எழுதிக்கொள்வோம். அதையே வெள்ளைத் தாளில் செய்தேன். ஒவ்வொரு பத்திக்கும் தமிழில் நான்கு சொல். ‘பழைய கருத்து’, ‘இவர் மறுக்கிறார்’, ‘சான்று, அரைமனசு’. ஆங்கிலப் பத்தியைத் தமிழில் சுருக்க முடியாவிட்டால் எனக்கு அது புரியவில்லை என்று அர்த்தம். பாதிக்கு மேல் தவறிக்கொண்டிருந்த பகுதி அது, கடைசியில் நான்கைந்து தவறுகளில் வந்து நின்றது.

அந்த நான்கு பகுதிகளைத் தவிர தனியாக ஒரு கட்டுரையும் உண்டு, அதற்கு எதுவும் வாங்க வேண்டாம். 50 நிமிடம், அதில் முதல் 15 யோசிக்க, மீதி 35 எழுத. மதிப்பெண் இல்லை, ஆனால் எழுதியே ஆக வேண்டும். லாஹப்பில் மாதிரி இருக்கிறது, இரண்டு முறை எழுதிப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் தந்தது கடைசியாக நான் சொல்லப்போகும் பொருள்தான். கோடு போட்ட சாதாரண நோட்டு. தவறிய கேள்வியை மட்டும் அதில் எழுதுவேன். பக்கத்தை மூன்றாகப் பிரித்திருப்பேன்: நான் போட்ட விடை என்னை எப்படி இழுத்தது, சரியான விடையை ஏன் தள்ளினேன், அடுத்த முறை எந்தச் சொல்லைப் பார்த்து நிற்க வேண்டும். விடைக்குறிப்பைத் திறக்கும் முன், சந்தேகமாக இருந்த கேள்விகளை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் மறுபடி செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். அப்போதுதான் தவறு நேரத்தால் வந்ததா, புரியாமல் வந்ததா என்று தெரியும். ஒரு கேள்விக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம் இருபது நொடிதான், இரண்டு வகைத் தவறுக்கும் மருந்து வேறு வேறு. மூன்று நோட்டுகள் நிரம்பின. மூன்றாவதில் ஒரு பக்கத்தில் ஒரே சொல்லை ஐந்து தேதிகளில் எழுதியிருக்கிறேன்: ‘பெரும்பாலும்’. ஐந்து முறை அதே இடத்தில் விழுந்திருக்கிறேன். ஆறாவது முறை விழவில்லை, அது உண்மைத் தேர்வில்.

அந்தப் பெண்ணிடம் இவ்வளவையும் சொல்லிவிட்டு, நிலைத்த அந்த வழிகாட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். நோட்டையும் கேட்டாள். அதைக் கொடுக்கவில்லை, அதில் இருப்பது என் தவறுகள், அவளுடையது வேறாக இருக்கும். புத்தகத்தைத் திறக்கும் முன் லாஹப்பில் கணக்குத் தொடங்கி, எதையும் படிக்காமல் இலவசத் தேர்வு ஒன்றை முழுசாக, நேரம் வைத்து எழுதிவிட்டு வா என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதப் போகிறாள்.